செலவாகாத கை

மகளுக்கு முதல் பல் விழுந்த வருடம் உறைக்காரிக்கு வயது முப்பத்தொன்று. மகளுக்குத் தலை நரைத்த வருடமும் உறைக்காரிக்கு வயது முப்பத்தொன்றுதான். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பால் விலை ஏறினால் பேசுவார்கள், ஆலைச் சங்கு தாமதமாக ஊதினால் அதையும் ஒரு வாரம் பேசுவார்கள். இதைக் கேட்டால் மட்டும், "அந்தம்மா கை வாகு அப்படி" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவள் ஆலைக்கு வந்தது தொட்டி கழுவுவதற்கு. அது பாலாடைக்கட்டி ஆலை. காலையில் வண்டி வண்டியாகப் பால் வரும். அதைப் பெரிய தொட்டிகளில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ஒரு பொடியைக் கரைத்து விடுவார்கள். முக்கால் மணி நேரத்தில் பால் உறையும். பிறகு வெட்டி, தண்ணீரை வடித்து, அச்சில் போட்டு அழுத்தி, மர அலமாரிகளில் அடுக்குவார்கள். பொடி கப்பலில் வர வேண்டும். ஒரு தடவை கப்பல் வரவில்லை. தொட்டிகள் நிரம்பி நிற்க, மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு தொட்டிக்குள் விழுந்துவிட்ட கரண்டியை எடுக்க அவள் இடது கையை உள்ளே விட்டாள். கரண்டி கைக்குச் சிக்குவதற்குள் பால் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகிவிட்டது. கரண்டி தொட்டியின் நடுவில் நட்டுவைத்தது மாதிரி நின்றது. மேனேஜர் அதைத் தட்டிப் பார்த்தார், கட்டியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார், பிறகு அடுத்த தொட்டியைக் காட்டி, "இதுலயும் கொஞ்சம் கை வைம்மா" என்றார். அன்றைக்கு எல்லாத் தொட்டியிலும் கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவளுக்கு, அதற்குப் பிறகு வயது ஏறவில்லை.

பிறந்ததிலிருந்து அவளுடைய இடது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, ஒரு சின்னக் குழி இருந்தது. சூட்சுமம் அதில்தான் என்று ஊர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. பாலை உறைய வைப்பவள் என்பதால் உறைக்காரி என்ற பெயரும் நிலைத்தது. விஷயம் பரவியதும் ஆள் ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொத்தனார் ஒரு சட்டி சிமெண்ட் கலவை கொண்டுவந்தார். தச்சன் பசை கொண்டுவந்தான். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, வீட்டில் கால் தரிக்காமல் ஊர் சுற்றும் தன் புருஷனையே இழுத்துக்கொண்டு வந்து, "இந்தாளையும் ஒரு இடத்துல உறைய வைங்கக்கா" என்றாள். உறைக்காரி யாரையும் ஏமாற்றாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். சிமெண்ட் தன் நேரத்தில் இறுகியது, பசை தன் நேரத்தில் காய்ந்தது, புருஷன் மறுநாளே கிளம்பிவிட்டான். அவள் கைக்குப் பாலைத் தவிர வேறொன்றும் தெரியாது. பாலும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அது மட்டும் அமைந்துவிட்டால், எத்தனை தொட்டி ஆனாலும் கை சலிக்கவில்லை, தேயவில்லை. கடைசித் தொட்டியிலிருந்து எடுத்தபோதும் முதல் தொட்டியில் விட்டபோது இருந்த மாதிரியே இருந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள்தான் அது. குழந்தைக்கு ஒரு பழக்கம்: தன் கட்டைவிரலை அம்மாவின் உள்ளங்கைக் குழிக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்கும், அழும், வேடிக்கை பார்க்கும். அளவெடுத்துச் செய்தது போல விரல் அதற்குள் அடங்கும். ஒரு நாள் எவ்வளவு கெஞ்சியும் விரலை எடுக்கவில்லை. நேரமாகிறது என்று உறைக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையின் கையோடு சேர்த்தே தன் இடது கையைத் தொட்டிக்குள் விட்டாள். பால் பாலாகவே இருந்தது. குழந்தை சிரித்துக்கொண்டே தண்ணீர் விளையாடுவது மாதிரி பால் விளையாடியது. அன்றைக்குச் சாயங்காலம் அத்தனை பாலும் புளித்துச் சாக்கடையில் போனது. மேனேஜர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருக்கலாம். "குழந்தைக்கு ஆலை வாடை ஒத்துக்காதும்மா, உங்க நாத்தனார் வீட்டுல விடுங்க" என்று பக்குவமாகச் சொன்னார். நாத்தனார் வீடு சாலைக்கு எதிர்ப்புறம். முதலில் பகலில் மட்டும் விட்டார்கள். பிறகு, இரவில் பிடித்த பிடியின் தடம் காலையிலும் குழியில் இருக்கிறது, முதல் தொட்டி தாமதமாகிறது என்று யாரோ கவனித்தார்கள். அதற்குப் பிறகு குழந்தை அத்தை வீட்டிலேயே தூங்கியது.

ஆலை வளர்ந்தது. முக்கால் மணி நேர வேலை மூச்சு விடும் நேரத்தில் முடிந்தால் வளராமல் என்ன செய்யும்? புதுத் தொட்டிகள், புது வண்டிகள், புதுத் தெருக்கள். முதலாளி அவளுக்கு ஆலை வளாகத்துக்குள்ளேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். அதன் பின்கதவைத் திறந்தால் தொட்டி அறை. ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் பால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உறைந்தது, மேனேஜர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். மறுநாள் காய்ச்சல் ஏறியதும் பால் அசையாமல் கிடந்தது. ஊருக்கே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பனிக்கட்டி வந்தது, இரண்டு டாக்டர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் கடையைப் பாதி சாத்திவிட்டு ஆலை வாசலில் நின்றார்கள். காய்ச்சல் இறங்கி, பால் உறைந்து, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, அவள் வீட்டிலிருந்து அடுப்பை எடுத்துவிட்டார்கள். வெயில் விழும் ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினார்கள். குளிக்கிற தண்ணீரை ஒரு பெண் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அவள் ஊற்றிக்கொள்ளலாம். சாப்பாடு ஆறித்தான் வரும். யாரும் அவளிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கதவில் பூட்டுகூடக் கிடையாது. விழுந்து விழுந்து கவனித்தார்கள், அவ்வளவுதான்.

பூட்டு இல்லை என்பதை அவள் ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். மகளுக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். ஒரு காலையில் உறைக்காரி ஒரு பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு திட்டம் இல்லை. யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது பின்னால் பால் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, இஞ்சின் சத்தம்கூட அதிகம் இல்லாமல். முதல் வண்டியை ஓட்டியது அவள் கணவன். அதற்குப் பின்னால் அச்சுக்காரர்கள், அலமாரி துடைப்பவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய அவர்கள் பிள்ளைகள். கணவன் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "எங்க போறே?" என்றுகூடக் கேட்கவில்லை. "பால் ஆறிடும்" என்று மட்டும் சொன்னான். பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் கணவனின் வண்டியிலேயே ஏறித் திரும்பிவிட்டாள். வழியெல்லாம் அழுதாள். வண்டியில் பால் தளும்பாதபடி அவன் மெதுவாக ஓட்டினான்.

அதற்குள் மகளின் கட்டைவிரல் பெரிதாகி, குழிக்குள் நுழையாமல் போய்விட்டது. இனி குழந்தை வரலாம் என்று மேனேஜரே ஆள் அனுப்பினார். ஆனால் குழந்தை அத்தை வீட்டுக்குப் பழகிவிட்டது. வந்தால் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டு, "அத்தை தேடுவாங்க" என்று எழுந்துவிடும். உறைக்காரிக்கு அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

கணவனுக்கு வயதானது. முதலில் அவனுக்கு அது பெருமையாக இருந்தது. ஐம்பதில் இருப்பவனுக்கு முப்பத்தொன்றில் மனைவி என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள், அவனும் மீசையைத் தடவிக்கொள்வான். அறுபதில் அவளை அவன் மகள் என்று நினைத்தார்கள். எழுபதில் பேத்தி என்றார்கள். அதற்குப் பிறகு அவன் அவளோடு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான். "உன் பக்கத்துல நின்னா நான் செலவாகுறது எனக்கே தெரியுது" என்று ஒரு நாள் சொன்னான். அது கோபம் இல்லை, ஒரு தகவல். அவன் செத்துப்போன அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் மகளைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற இளம்பெண் யார் என்று தெரியாமல் தாண்டிப் போனார்கள். மதியம் உறைக்காரி தொட்டி அறைக்குப் போனாள். பால் காத்திருக்காது.

அந்த வருடம் ஆலைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கால் கடுக்க ஒரு வாரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். உறைக்காரியின் கையை விளக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றாள்.

"எல்லார் உடம்புக்குள்ளயும் இதே மாதிரி ஆயிரக்கணக்குல இருக்கும்மா. நொதின்னு பேரு. எச்சில்ல ஒண்ணு, வயித்துல ஒண்ணு, ரத்தத்துல ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலைதான் தெரியும். ஒவ்வொண்ணுலயும் உங்க கையில இருக்கற மாதிரி ஒரு குழி இருக்கும். அதுக்குப் பொருந்தறது வந்து உட்கார்ந்தா, டக்குனு வேலையை முடிச்சு அனுப்பிடும். அடுத்தது வரும். இது மட்டும் அப்படியே இருக்கும். செலவாகாது."

"அதுங்களுக்கு லீவு உண்டா?" என்று கேட்டாள் உறைக்காரி.

அந்தப் பெண் சிரித்தாள். கேட்டவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "பொருந்தற மாதிரி இருக்கற வேற எதாவது குழியில வந்து அடைச்சுக்கிட்டா, அது இருக்கற வரைக்கும் லீவு. சூடு ரொம்ப ஏறிட்டா வடிவமே குலைஞ்சிடும். அப்புறம் நிரந்தர லீவுதான்."

"செத்துடுமா?"

"அது எப்பம்மா உயிரோட இருந்துச்சு, சாகறதுக்கு? வடிவம் போயிடும், அவ்வளவுதான்." கிளம்பும்போது, சொல்ல மறந்த ஒன்றைச் சொல்வது மாதிரி, வாசலில் நின்று சொன்னாள்: "இன்னொண்ணும்மா. இதுங்க புதுசா எதையும் செய்யறதில்லை. எப்படியும் நடக்கப்போறதைச் சீக்கிரமா நடத்தி வைக்குதுங்க."

உறைக்காரி அந்தக் கடைசிப் பேச்சைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் மனதில் அடைப்பும் சூடும்தான் தங்கின. ஏனென்றால் அந்தச் சமயத்தில் அவளுக்குள் ஒரு பயம் வந்து குடியேறியிருந்தது. மகள் வயதில் அவளைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மகளுக்கு முழங்கால் வலி, மகளுக்குக் கண்ணில் புரை, மகள் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கணவன் போனது போல ஒரு நாள் மகளும் போவாள். அன்றைக்கும் மதியம் தொட்டி அறைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். மகளுக்கு முன்னால் போய்ச்சேர வேண்டும் என்பதைத் தவிர அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

மகள் சாலைக்கு எதிர்ப்புறம், அத்தை விட்டுப்போன வீட்டின் முன்பக்கத்தில் சலவைக்கடை நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளாவியில் நாள் முழுக்க நின்று கை சிவந்திருக்கும், வாயும் கொஞ்சம் நீளம். வாரம் ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வருவாள். எப்போதாவது இருவரும் கடைத்தெருவுக்குப் போனால், ஆலைக்குள்ளேயே இருந்த அவளை நேரில் பார்த்திராத காய்கறிக்காரன் முதல் மருந்துக்கடைக்காரர் வரை, "கூட வந்திருக்கிறது யாரு?" என்பார்கள். "எங்க அம்மா" என்பாள் மகள். கேட்டவர்கள் சரியாகக் காதில் விழாதது போல இன்னொரு தடவை கேட்பார்கள். மகள் இன்னொரு தடவை சொல்வாள். அறுபது வயதுக்குப் பிறகு மகளுக்கு அந்த இரண்டாவது பதிலைச் சொல்ல அலுத்துவிட்டது. கடைத்தெருவுக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, பலகை அடித்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கடையில் கூட்டம் இல்லை, சோப்பு விலை ஏறிவிட்டது என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அம்மாவின் கையைப் பிடித்தாள். வயதாகி வற்றிச் சுருங்கியிருந்த கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் உட்கார்ந்தது. மகளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவ்வளவு சின்ன வயது. ஆனால் அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்து, தலை அம்மாவின் தோளில் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். முப்பத்தொரு வயதுத் தோளில் அறுபத்தேழு வயதுத் தலை. உறைக்காரி அசையவில்லை. சாயங்காலம் மேனேஜர், முதல் மேனேஜரின் பேரன், கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. மகள் கண் விழித்தபோது அம்மாவின் காதோரம் ஒரு முடி வெளுத்திருந்தது.

மகள் அதைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "நரைச்சிருக்கும்மா" என்றாள். உறைக்காரி அந்த முடியைப் பிடுங்கச் சொல்லாமல், மகளின் சின்னச் சட்டையை எடுத்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கண்ணாடியில் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மகளின் விரல் விலகியதும், அவள் கை வைத்த அடுத்த தொட்டி வழக்கம்போல உறைந்தது. அடுத்த முடி நரைக்கவில்லை.

"நான் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் இது" என்றாள் மகள். "எனக்கு அப்புறம்?"

"அதைத்தானே நானும் நினைச்சு நினைச்சுச் சாகிறேன்" என்றாள் உறைக்காரி. தான் சொன்னதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாக முடிந்தால்தான் பிரச்சினையே இல்லையே.

ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னதை அப்போதுதான் மகளிடம் சொன்னாள். மகள் யோசிக்கவே இல்லை. சூடு பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெந்நீரில் போட்டுச் சுருங்கிப்போன கம்பளிச் சட்டையை எந்தச் சலவைக்காரியாலும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. "என் கடைக்கு வா" என்றாள். "வலிக்கும்."

மறுநாள் காலை, பால் வண்டிகள் வந்து நின்ற நேரத்தில், இரண்டு பேரும் முன்வாசல் வழியாக இறங்கினார்கள். பழைய மாதிரியே பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். மேனேஜர் ஓடி வந்து, பணிவாகத்தான், "பாட்டி, எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று மகளைக் கேட்டான். மகள் அம்மாவின் குழிக்குள் வைத்திருந்த கட்டைவிரலை எடுக்காமல், மறு கையால் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "வழி விடுப்பா, கால் வலிக்குது" என்றாள். ஒரு வயதான பொம்பளை கால் வலிக்கிறது என்றால் யாராலும் குறுக்கே நிற்க முடியவில்லை. அந்த முப்பத்தொரு வயதுக்காரியை அறுபது வருடத்துக்கு மேல் நிறுத்திவைத்த கூட்டம், இந்தக் கிழவிக்கு விலகி வழி விட்டது.

வெள்ளாவிப் பாத்திரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மகள் தன் விரலை எடுத்தாள். உறைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை மணிக்கட்டு வரை விட்டாள். மகள் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கம்பளிக்குக் கணக்குப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை முழுக்கக் காய்ச்சிய பால் வாசனை வந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்து, வீங்கி, எல்லோருடைய உள்ளங்கையும் மாதிரி மேடாக இருந்தது. குழி இருந்த இடம் தெரியவில்லை. மகள் மருந்து தடவித் துணி சுற்றினாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அன்றைக்கும் மறுநாளும் பால் சாக்கடையில் போனது. மூன்றாம் நாள் மேனேஜர் பக்கத்து நகரத்துக்கு லாரி அனுப்பினான். வாரக் கடைசியில் பொடி வந்துவிட்டது. கரைத்து ஊற்றினார்கள், முக்கால் மணி நேரத்தில் உறைந்தது. சங்கு கொஞ்சம் முன்னதாக ஊத ஆரம்பித்தது, கட்டியின் விலை கொஞ்சம் ஏறியது, ஆட்கள் உறைகிற நேரத்தில் வெளியே வந்து அரட்டை அடித்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. எந்தத் தெருவும் காலியாகவில்லை. இதை மகள் வந்து சொன்னபோது உறைக்காரிக்கு வெந்த கையைவிட அதிகமாக வலித்தது. எப்படியும் நடந்திருக்கும் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "முக்கால் மணி நேரம்" என்று மட்டும் இடையிடையே சொன்னாள். "இந்த முக்கால் மணி நேரத்துக்காகவா உன்னை எதிர்வீட்டுல தூங்க வெச்சேன்?" மகள் எழுந்து உள்ளே போனாள். அடுப்பிலிருந்து சூடாக ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவு சூடாக எதையும் குடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதால், உறைக்காரி நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரக் குடித்து முடித்தாள்.

சேர்ந்துபோயிருந்த வருடங்கள் வர ஆரம்பித்தன. ஒரே நாளில் கொட்டவில்லை. மழைக்காலத்தில் கிணறு ஊறுகிற மாதிரி ஊறின. முதல் வாரத்தில் கண்ணோரம் சுருக்கம் விழுந்தது. அடுத்த மாதம் முட்டி பிடித்தது. ஒரு பல் ஆடியபோது மகளிடம் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டாள். மகளின் வயதை எட்டிய வாரத்தில் இருவரும் ஒரே மருந்தை வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள். அந்த வருட மழைக்காலம் முடிவதற்குள் அவள் மகளைத் தாண்டிப் போய், கூன் விழுந்து, பொக்கை வாயோடு, தன் வயதுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே நின்று, எல்லோரையும் போல மெதுவாகப் போக ஆரம்பித்தாள். கையில் குழி இல்லாவிட்டாலும் மகள் தூங்கும்போது கட்டைவிரலை அம்மாவின் உள்ளங்கையில்தான் வைத்துக்கொள்வாள். அது அங்கே நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். திரும்ப எடுத்து வைத்துக்கொள்வாள்.

இப்போது சலவைக்கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, மடித்த துணிகளை எண்ணி அடுக்குவது உறைக்காரியின் வேலை. அடிக்கடி எண்ணிக்கை தப்பும். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் சட்டைகளை வாங்கிக்கொண்டு, "பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார். "எங்க அம்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், அடுத்த கேள்விக்குக் காத்து நின்றாள். வந்தவர் பெஞ்சைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.